'இறந்தான்' என்ற சொல்லே இல்லாத இரங்கல் பாட்டு... காதலை இழந்தவர்களுக்கு தகடூர் ஔவை சொல்லித்தரும் பாடம்!

'காதல் தோல்வி கவிதை' என்று கூகுளில் தமிழில் தட்டிப் பாருங்கள். கொட்டும். கறுப்புப் பின்னணி, மழையில் நனையும் ஒரு ஜன்னல், அதன்மேல் வெள்ளை எழுத்தில் நான்கு வரி. பத்துப் படங்களைப் பார்த்து முடித்தால் பதினோராவதில் என்ன இருக்கும் என்று நீங்களே சொல்லிவிடலாம். வலி, ரணம், கண்ணீர், கல்லறை, துரோகம், இதயம் சுக்குநூறு. ஆளுக்கு ஆள் காதல் வேறு, பிரிந்த காரணம் வேறு. ஆனால், எல்லோருக்கும் ஒரே பத்துச் சொற்கள்தான்.

அந்த வலி பொய் என்று சொல்ல வரவில்லை. ராத்திரி ரெண்டு மணிக்குத் தூக்கம் வராமல் ஸ்டேட்டஸ் வைக்கிற யாருடைய வலியும் பொய்யில்லை. சிக்கல், அந்த வலிக்கு நாம் எடுத்துப் போடுகிற சொல்லில் இருக்கிறது. அடுத்தவர் சட்டையை வாங்கிப் போட்டதுபோல, அந்தச் சொல் நம் உடம்புக்குப் பொருந்துவதே இல்லை. படிக்கிறவருக்கு நம் காதல் தெரிவதில்லை. 'ஒரு காதல் தோல்வி' மட்டும்தான் தெரிகிறது.

சரி, இழப்பை எப்படி எழுதுவது? எந்தக் குரலில் எழுதுவது? இதற்குப் பதில் தேடி வெளிநாட்டுக்கெல்லாம் போக வேண்டாம். தர்மபுரிக்குப் போனால் போதும். சங்க காலத்தில் இந்த ஊருக்குப் பெயர் தகடூர். இங்கே ஆண்டவர் அதியமான் நெடுமான் அஞ்சி. அவர் போனபிறகு, அவருக்காக ஔவையார் பாடிய மூன்று பாடல்கள் புறநானூற்றில் இருக்கின்றன. 231, 232, 235. இழந்த அன்பைப் பற்றி எழுத நினைக்கும் எவரும் ஒருமுறை உட்கார்ந்து படிக்க வேண்டிய மூன்று பாடல்கள்.

பாட்டி இல்லை இவர்!

ஔவை என்றதும் கையில் கோலும் நெற்றியில் திருநீறுமாக ஒரு பாட்டிதான் நம் கண்முன் வருவார். 1953-ல் ஜெமினி எடுத்த 'ஔவையார்' படத்தில் கே.பி.சுந்தராம்பாளைப் பார்த்தபிறகு அந்த உருவம் இன்னும் அழுத்தமாகப் பதிந்துவிட்டது. ஆனால், ஆத்திசூடி பாடிய ஔவை வேறு, சங்க கால ஔவை வேறு. இருவருக்கும் இடையில் பல நூற்றாண்டுகள்.

சங்க ஔவை பாணர் மரபோடு சேர்ந்த புலவர். ஊர் ஊராகப் போய்ப் பாடியவர். மன்னனோடு ஒரே பந்தியில் உட்கார்ந்து கள்ளும் இறைச்சியும் பகிர்ந்துகொண்டவர். தொண்டைமானிடம் தூது போய், அவனுடைய பளபளக்கும் ஆயுதச் சாலையைப் புகழ்வதுபோலவே நையாண்டி செய்துவிட்டு வந்தவர். கவிஞர் இன்குலாப் தன் 'ஔவை' நாடகத்தில் மீட்டெடுத்தது இந்தப் பெண்ணைத்தான். சங்க இலக்கியத்தில் ஔவையார் பெயரில் மொத்தம் 59 பாடல்கள். அவற்றில் 33 புறநானூற்றிலும், மீதி 26 குறுந்தொகை, நற்றிணை, அகநானூறு ஆகிய காதல் நூல்களிலும் இருக்கின்றன. அதாவது, காதலையும் பாடத் தெரிந்தவர். மரணத்தையும் பாடத் தெரிந்தவர்.

அதியமானும் கற்பனை இல்லை. திருக்கோவிலூர் அருகே ஜம்பை என்ற ஊரில், 1981-ல் தமிழ்நாடு தொல்லியல் துறை கண்டுபிடித்த தமிழ்பிராமி கல்வெட்டில் அதியமான் நெடுமான் அஞ்சியின் பெயர் பொறிக்கப்பட்டிருக்கிறது. சேலத்திலிருந்து தர்மபுரிக்கு வரும் வழியில் அதியமான்கோட்டை என்று ஊர்ப் பெயரிலேயே அவர் இன்றும் இருக்கிறார்.

அதியமானுக்கும் ஔவைக்கும் இருந்தது காதலா, நட்பா? நெல்லிக்கனி கதையைப் பள்ளிக்கூடத்தில் படித்த நமக்கு அது நட்பு. சிலர் அதற்கும் மேலே வாசிக்கிறார்கள். அந்தப் பஞ்சாயத்து இங்கே வேண்டாம். இங்கிலாந்தில் டென்னிசன் என்று ஒரு கவிஞர். 1833-ல் 22 வயதில் இறந்துபோன தன் நண்பர் ஆர்தர் ஹாலமுக்காக 17 வருடம் எழுதி, 1850-ல் ஒரு நீண்ட இரங்கல் கவிதையை வெளியிட்டார். காதலித்து இழந்தவர்களுக்கு ஆறுதலாக உலகம் முழுக்கச் சொல்லப்படும் மிகப் பிரபலமான ஆங்கில வரி அந்தக் கவிதையில்தான் இருக்கிறது. அது ஒரு நண்பனுக்காக எழுதப்பட்டது என்பது பலருக்குத் தெரியாது. இழப்பின் மொழிக்கு, 'இது காதலா நட்பா' என்ற கேள்வி அவ்வளவு முக்கியமில்லை.

ஏழு முறை வரும் ஒரு குட்டிச் சொல்

மூன்றில் பெரிய பாடல் 235. அதியமான் எப்படி இருப்பார் என்று ஔவை வரிசையாக நினைத்துப் பார்க்கிறார். கொஞ்சம் கள் கிடைத்தால் என்ன செய்வார், நிறைய கிடைத்தால் என்ன செய்வார், சோறு கொஞ்சமாக இருந்தால் எப்படிப் பங்கு வைப்பார்... இப்படிச் சின்னச் சின்ன வீட்டு விஷயங்கள். அவருடைய வீரத்தைப் பற்றி, படையைப் பற்றிப் பெரிய வர்ணனை ஏதும் இல்லை. ஒவ்வொரு நினைவும் 'மன்னே' என்ற சொல்லில் முடிகிறது. எண்ணிப் பார்த்தால் ஏழு முறை.

'மன்' என்பது ஓர் இடைச்சொல். தனியாக நின்றால் அதற்குப் பொருள் கிடையாது. இன்னொரு சொல்லோடு ஒட்டிக்கொண்டுதான் பேசும். தொல்காப்பியம் சொல்லதிகாரத்தின் ஏழாவது இயலான இடையியல், 'மன்' என்ற சொல்லுக்கு மூன்று பொருள் சொல்கிறது. கழிவு, ஆக்கம், ஒழியிசை. கழிவு என்றால், 'அது அப்போது இருந்தது, இப்போது கழிந்துபோயிற்று' என்று பொருள். இதற்கு உதாரணம் காட்டவந்த பழைய உரையாசிரியர்கள் கைவைத்தது இதே ஔவை பாட்டின்மேல்தான். இலக்கணப் புத்தகத்துக்கே உதாரணமாகிப்போன துக்கம் இது!

யோசித்துப் பாருங்கள். 'ஐயோ, இனிமேல் அவர் இல்லையே' என்று ஏழு முறை கதறியிருக்கலாம். ஔவை அப்படிச் செய்யவில்லை. 'இப்படிச் செய்வார்' என்று சந்தோஷமான ஒரு நினைவைச் சொல்லி, கடைசியில் ஒரே ஒரு அசையை மட்டும் வைக்கிறார். கதவை மெல்லச் சாத்துவதுபோல. நினைவு முழுக்க வெளிச்சம், முடிவில் மட்டும் இருட்டு. ஏழாவது முறை அந்தக் கதவு சாத்தப்படும்போது, நமக்கு நெஞ்சு அடைத்துவிடுகிறது.

'மன்' இன்று பேச்சில் இல்லை. ஆனால், அது செய்த வேலை இன்னும் நம் வீடுகளில் நடக்கிறது. கணவரை இழந்த ஒரு பாட்டியிடம் தாத்தாவைப் பற்றிக் கேளுங்கள். "சந்தைக்குப் போனா பொரி வாங்கியாருவாரு... ராத்திரி எந்நேரமானாலும் எல்லாரும் சாப்பிட்டாச்சான்னு கேட்டுட்டுத்தான் உக்காருவாரு" என்பார். கவனித்தீர்களா? 'வாங்கி வந்தார்' இல்லை, 'வாங்கியாருவாரு'. 'கேட்டார்' இல்லை, 'கேட்பாரு'. இலக்கணப்படி அது எதிர்காலம். பேசுவதோ முடிந்துபோன காலத்தைப் பற்றி. அடிக்கடி நடந்த ஒன்றைச் சொல்ல, தமிழ் எதிர்கால வினையையே எடுத்துக்கொள்கிறது. அதனால்தான், போனவரைப் பற்றிப் பேசும்போது அவர் நாளைக்கும் பொரியோடு வந்துவிடுவார்போல ஒரு கணம் தோன்றுகிறது. அந்த ஒரு கணம்தான் கவிதை.

'எமக்கு'... 'எமக்கு'... 'என்'!

இன்னொரு நுணுக்கம். இந்தப் பாட்டில் ஔவை தன்னைப் பற்றிச் சொல்லும்போது 'எமக்கு', 'யாம்' என்று பன்மையில்தான் சொல்லிக்கொண்டு வருகிறார். அதியமானை நம்பியிருந்த பாணர்கள், புலவர்கள், இல்லாதவர்கள் எல்லோருக்குமான குரல் அது. அரசனுக்கான இரங்கல் என்பதால் அப்படித்தானே இருக்க முடியும்?

ஆனால், ஏழாவது நினைவில் ஒரு மாற்றம் வருகிறது. மணக்கும் தன் கையால் அவர் தலையை வருடிக்கொடுப்பதைச் சொல்கிறார். அங்கே மட்டும் 'எம் தலை' இல்லை, 'என் தலை'. கூட்டத்தோடு அழுதுகொண்டிருந்த ஒருவர் சட்டென்று தனியாகத் தெரிகிறார். ஒரு மெய்யெழுத்துதான் வித்தியாசம். 'ம்' போய் 'ன்' வந்திருக்கிறது. அடுத்த நொடியே, மறுபடி எல்லோருக்கும் பொதுவான குரலுக்குத் திரும்பிவிடுகிறார். 'நான் அவருக்கு எவ்வளவு வேண்டியவள் தெரியுமா' என்று விளக்கமெல்லாம் இல்லை.

அதே இடத்தில் இன்னொரு சொல்லும் கவனிக்க வேண்டியது. அவர் கையில் நறுமணம். இவர் தலையில் இறைச்சி வாடை. இரண்டுக்கும் ஔவை போடும் வினை ஒன்றேதான், 'நாறும்'. இன்றைக்கு 'நாறுது' என்றால் மூக்கைப் பிடிப்போம். அன்றைக்கு அது நல்ல வாசனைக்கும் கெட்ட வாசனைக்கும் பொதுவான சொல். அரசன் கை ஒன்று, அலைந்து திரிந்த பாடினியின் தலை ஒன்று. இரண்டையும் ஒரே சொல்லால் தொட்டு, அந்த ஏற்றத்தாழ்வை இல்லாமல் ஆக்கிவிடுகிறார். அவர் தன்னைச் சமமாக நடத்தினார் என்று எங்கேயும் சொல்லவில்லை. சொல் சொல்லிவிட்டது.

சொல்லாமல் விட்டவை

இனி, இந்தப் பாட்டில் இல்லாத சொற்களைத் தேடுவோம். முதலில், அதியமான் 'இறந்தான்' என்று பாட்டில் எங்கும் இல்லை. அவர் மார்பில் பாய்ந்த வேலைப் பற்றித்தான் பேச்சு. அந்த வேல் அவரோடு நிற்கவில்லை. பாணர்களின் உண்கலத்தைத் துளைத்து, இரந்து நின்றவர்களின் கையைத் துளைத்து, சுற்றத்தாரின் கண்ணில் ஒளியைக் குறைத்து, கடைசியில் புலவர்களின் நாவில் போய் விழுகிறது. ஒருவருடைய மரணம் யாரையெல்லாம் குத்துகிறது என்பதற்கு இதைவிட ஒரு கணக்கு போட முடியாது.

அழிவைக் குறிக்கும் வினை ஒன்று பாட்டின் கடைசியில் வருகிறது. அதுவும் அதியமானுக்கு இல்லை. பிறருக்கு எதுவும் கொடுக்காமலேயே வாழ்ந்து முடிந்துபோகிறவர்களுக்கு. நீர்த்துறையில் பூத்து, யாரும் சூடாமலேயே வாடும் பகன்றைப் பூவை அவர்களுக்கு உவமையாக வைக்கிறார். கொடுத்தவருக்குச் சாவு என்ற சொல் இல்லை. கொடுக்காதவர்களுக்குத்தான் அந்தச் சொல். கோபம் இருக்கிறது, ஆனால் குரல் உயரவில்லை.

இரண்டாவது, பெயர். 231, 232, 235 மூன்றிலுமே அதியமான் என்றோ அஞ்சி என்றோ பெயர் இல்லை. யாருக்காகப் பாடியது என்பதைப் பாட்டின் அடிக்குறிப்புகள்தான் நமக்குச் சொல்கின்றன. 1894-ல் உ.வே.சாமிநாதையர் சுவடிகளிலிருந்து புறநானூற்றைப் பதிப்பித்தபோது, அந்தக் குறிப்புகளும் சேர்ந்தே வந்தன. பாட்டுக்குள்ளே அவர் வெறும் 'அவர்'தான். உயிருக்கு நெருக்கமானவரைப் பற்றிப் பேசும்போது யாரும் முழுப்பெயரைச் சொல்வதில்லையே!

232-வது பாட்டு ஆறே அடி. அதியமானுக்கு நட்ட கல்லின் முன் நிற்கிறார் ஔவை. கல்லுக்கு மயில்பீலி சூட்டி, சின்னக் கலத்தில் கள் வைத்துப் படைக்கிறார்கள். மலையோடு சேர்த்து ஒரு நாட்டையே கொடுத்தாலும் வாங்கிக்கொள்ளாதவர், இந்தத் துளிக் கள்ளை வாங்கிக்கொள்வாரா என்று கேட்கிறார். அவ்வளவுதான். ஒரு பக்கம் நாடு, இன்னொரு பக்கம் சின்னக் கலம். இரண்டு பொருளைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துவிட்டு அவர் ஒதுங்கிக்கொள்கிறார். வருத்தப்படும் வேலை நமக்கு.

231-ல் சிதை எரிகிறது. எரிந்துகிடக்கும் கட்டைகளுக்கு, குறவர் புனம் எரித்த மரத்துண்டுகளை உவமை சொல்கிறார். மலையும் காடும் சூழ்ந்த இந்த மண்ணில், பார்த்தவர்கள் எல்லோருக்கும் தெரிந்த காட்சி அது. தீ சின்னதாக எரிந்தாலும் எரியட்டும், வானத்தைத் தொட்டாலும் தொடட்டும், அவர் புகழ் மாயாது என்கிறார். பரவாயில்லை என்பதுபோன்ற அந்தக் குரல்தான் படிக்கிறவரை உடைத்துப் போடுகிறது.

நடுகல்லின் மொழி

தர்மபுரி, கிருஷ்ணகிரி, திருவண்ணாமலை வட்டாரம் நடுகற்களுக்குப் பெயர்பெற்றது. தர்மபுரி நகரில் இருக்கும் அகழ்வைப்பகத்திலேயே வரிசையாக நடுகற்களைப் பார்க்கலாம். ஆநிரை மீட்கப் போய் உயிர்விட்டவர்கள், ஊரைக் காக்க நின்றவர்கள். அதியமானுக்கும் பல நூற்றாண்டுகள் பிந்தியவை இந்தக் கல்வெட்டுகள். ஆனால், மொழியில் அதே சிக்கனம். யாருடைய ஆட்சி, யாருடைய வீரன், என்ன செய்தபோது விழுந்தான் என்ற தகவல்கள் மட்டும். பல கற்களில் கடைசிச் சொல் 'பட்டான்' என்று வரும். 'வேல்பட்டான், அம்புபட்டான்' என்கிறோமே, அந்தப் 'பட்டான்'. அழுகையோ அடைமொழியோ கிடையாது.

திருவண்ணாமலை மாவட்டம் எடுத்தனூரில் ஒரு நடுகல்லில், வீரனோடு சேர்த்து ஒரு நாய்க்கும் இடம் கொடுத்திருக்கிறார்கள். கோவிவன் என்பது அதன் பெயர். கள்வர் இருவரைக் கடித்தது என்று கல்லில் எழுதியிருக்கிறார்கள். 'நன்றியுள்ள, விசுவாசமான' என்றெல்லாம் எழுதவில்லை. கடித்தது என்ற ஒரு செயல் போதும். செய்ததைச் சொன்னால் அன்பு தானாகத் தெரியும் என்பது இந்த மண்ணில் கல்வெட்டியவர்களுக்கும் தெரிந்திருந்தது.

கோபம் வந்தால் என்ன செய்வது?

'சரி, இதெல்லாம் செத்துப்போனவருக்கு. உயிரோடு இருந்துகொண்டே விட்டுட்டுப் போனவங்களை என்ன பண்றது? கோபம் வரத்தானே செய்யும்?' என்று நீங்கள் கேட்கலாம். நியாயமான கேள்வி. ஔவையிடம் இதற்கும் பதில் இருக்கிறது.

குறுந்தொகையின் 28-வது பாட்டும் ஔவை பாடியதுதான். காதலனைப் பிரிந்து தூங்க முடியாமல் தவிக்கிற ஒரு பெண் பேசுகிறாள். முட்டவா, தாக்கவா, அலறவா என்று அடுக்கடுக்காகக் கேட்கிறாள். சங்கப் பாடல்களிலேயே இவ்வளவு ஆவேசமாகத் தொடங்குவது அபூர்வம். மென்மையான சொல் ஒன்றுகூட இல்லை. ஆனால், அந்த ஆவேசம் யார்மேல் பாய்கிறது என்று பாருங்கள். காதலன்மேல் இல்லை. தன் நோய் தெரியாமல் நிம்மதியாகத் தூங்கிக்கொண்டிருக்கும் ஊர்மேல்! காதலில் தவித்த எவருக்கும் இது புரியும். நம் உலகமே நின்றுபோயிருக்க, பக்கத்து வீட்டில் சீரியல் ஓடிக்கொண்டிருக்கும். அந்த எரிச்சல் இருக்கிறதே, அதுதான் உண்மையான உணர்வு.

இதை நம் காலத்தோடு வைத்துப் பாருங்கள். 2011 நவம்பரில் 'ஒய் திஸ் கொலவெறி' வந்து உலகம் முழுக்க ஹிட்டடித்தது. அதோடு 'சூப் சாங்', 'சூப் பாய்ஸ்' என்ற சொற்களும் ஊரெல்லாம் பரவின. காதலில் தோற்ற பையன் தன்னையே கேலிசெய்துகொள்ளும் வரைக்கும் அது ஜாலிதான். ஆனால், அதன் பின்னால் வந்த பல பாட்டுகளிலும் ஸ்டேட்டஸ்களிலும் 'அவள் ஏமாற்றுக்காரி', 'பொண்ணுங்களே இப்படித்தான்' என்பதே பல்லவி ஆகிவிட்டது. ஒரு பெண்ணுக்கு 'வேண்டாம்' என்று சொல்லும் உரிமை உண்டு என்பதையே இந்தச் சொற்கள் மறக்கவைத்துவிடுகின்றன. 'துரோகி' என்ற சொல்லைத் தட்டச்சு செய்வது சுலபம். அதைப் படித்துவிட்டு நான்கு நண்பர்கள் "விடுடா மச்சான், அவளுக்கு ஒரு பாடம் புகட்டலாம்" என்று கிளம்பினால், அது கவிதையோடு முடிவதில்லை.

பெயர் சொல்லாதே!

அகப்பாடலுக்குத் தொல்காப்பியம் ஒரு கண்டிப்பான விதி வைத்திருக்கிறது. காதலைப் பாடும்போது தலைவன், தலைவியின் பெயரைச் சுட்டிச் சொல்லக் கூடாது. அதனால்தான் குறுந்தொகையின் 400 சொச்சம் பாட்டுகளில் காதலிக்கும் யாருக்கும் பெயரே இல்லை. இந்த விதியில் எவ்வளவு கறாராக இருந்தார்கள் என்பதற்கு நெடுநல்வாடை ஓர் உதாரணம். கணவனைப் பிரிந்து வாடும் மனைவியைப் பற்றிய அழகான பாட்டு. ஆனால், அதில் ஒரு வேலின் நுனியில் வேப்பந்தழை கட்டியிருப்பதாக ஓர் இடம் வருகிறது. வேம்பு பாண்டியர்களின் பூ. ஆகவே, ஆள் யார் என்று தெரிந்துவிடுகிறது. இது அகப்பாட்டு ஆகாது என்று சொல்லிவிட்டார் உரையாசிரியர் நச்சினார்க்கினியர். ஒரு கொத்து வேப்பிலையே அடையாளம் காட்டிக்கொடுத்துவிடும் என்று கவலைப்பட்டிருக்கிறார்கள்!

இன்று நாம் முதலெழுத்தைப் போடுகிறோம். ஊரைப் போடுகிறோம். சேர்ந்து எடுத்த படத்தில் முகத்தில் ஒரு எமோஜியை ஒட்டிவிட்டு, மறைத்துவிட்டதாக நினைத்துக்கொள்கிறோம். இரண்டாயிரம் பேர் இருக்கிற ஊரில் அது யார் என்று கண்டுபிடிக்க அரை மணி நேரம் போதும்.

அதிலும் தர்மபுரியில் இதை லேசாக எடுத்துக்கொள்ள முடியாது. 2012 நவம்பரில், சாதி கடந்த ஒரு திருமணத்தைத் தொடர்ந்து நத்தம், அண்ணா நகர், கொண்டம்பட்டி ஆகிய மூன்று தலித் குடியிருப்புகளில் வீடுகள் தீயில் எரிந்தன. இரண்டு பேர் காதலித்த செய்தி, சம்பந்தமே இல்லாத நூற்றுக்கணக்கான குடும்பங்களின் பாத்திரம் பண்டம்வரை போய்த் தாக்கிய மாவட்டம் இது. ஔவை பாட்டில் வரும் அந்த வேல் இன்னும் நிற்கவில்லை என்றுதான் சொல்ல வேண்டும். இங்கே காதலின் பெயரைப் பொதுவில் சொல்வது, நினைவைப் பகிர்வதோடு நிற்காது. ஒருவரை ஆபத்தில் தள்ளுவதாகவும் ஆகிவிடும். தொல்காப்பியத்தின் அந்தப் பழைய விதி இலக்கிய நாகரிகம் மட்டுமில்லை, பாதுகாப்பும்கூட.

ஒரு சின்னப் பயிற்சி!

இவ்வளவு பேசியாச்சு, செய்து பார்த்துவிடுவோம். வழக்கமாக நாம் எழுதுவது இப்படி இருக்கும்:

நீ என்னைக் கொன்றுவிட்டாய்
என் இதயம் சுக்குநூறானது
கண்ணீர்க் கடலில் மிதக்கிறேன்
கல்லறையிலும் உன் நினைவே

இதில் 'நீ' யார்? தெரியாது. 'நான்' யார்? அதுவும் தெரியாது. யார் வேண்டுமானாலும் யாருக்கு வேண்டுமானாலும் அனுப்பலாம். இப்போது அதே இழப்பை, பெரிய சொற்களையெல்லாம் எடுத்துவிட்டு, நடந்த ஒன்றை மட்டும் வைத்து எழுதிப் பார்ப்போம்:

பென்னாகரம் பஸ்ஸில்
ஜன்னலோரம் எனக்கு விடுவாய்
இண்டூர் வருவதற்குள்
என் தோளில் தூங்கிவிடுவாய்
இன்று ஜன்னலோரம் காலியாகத்தான் இருந்தது
நான் இந்தப் பக்கமே உட்கார்ந்துகொண்டேன்

உலக மகா கவிதை என்று சொல்லவில்லை. ஆனால், என்ன மாறியிருக்கிறது என்று பாருங்கள். வலி என்ற சொல் இல்லை, கண்ணீர் இல்லை, இதயம் இல்லை. ஆனாலும் யாரோ ஒருவர் இல்லாமல் போனது தெரிகிறது. 'விட்டாய்' என்று எழுதாமல் 'விடுவாய்' என்று எழுதியதால், அது ஒருநாள் நடந்தது இல்லை, பல நாள் பழக்கம் என்று தெரிகிறது. பிரிந்ததற்கு யார் காரணம் என்ற தீர்ப்பு இல்லை. பெயர் இல்லை. அவரே படித்தாலும் அவமானப்பட எதுவும் இல்லை. ஒருவேளை ஒரு நிமிடம் ஜன்னலைப் பார்த்துக்கொண்டு இருக்கலாம்.

அடுத்த முறை எழுதும்போது, போஸ்ட் செய்வதற்கு முன் நான்கு கேள்விகள் கேட்டுக்கொள்ளுங்கள்.

ஒன்று, இந்தக் கவிதையில் எனக்கும் அவருக்கும் மட்டுமே தெரிந்த ஒரு பொருளோ, ஒரு பழக்கமோ இருக்கிறதா? பஸ் ஜன்னல், பாதி கடித்த கொய்யா, ரீசார்ஜ் தீர்ந்துபோன போன், எதுவாகவும் இருக்கலாம்.

இரண்டு, எனக்கு என்ன ஆயிற்று என்று மட்டும்தான் சொல்லியிருக்கிறேனா? அவர் எப்படி இருந்தார் என்று சொல்லியிருக்கிறேனா? ஔவை ஏழு முறையும் அவரைப் பற்றித்தான் சொன்னார்.

மூன்று, உணர்ச்சியின் பெயரை எழுதியிருக்கிறேனா? வலி, சோகம், ஏக்கம் என்று வந்தால் ஒருமுறை அடித்துப் பாருங்கள். அந்தச் சொல் போனபிறகும் உணர்ச்சி மிச்சமிருந்தால், கவிதை நிற்கும்.

நான்கு, இதைப் படித்து யாராவது அவரைக் கண்டுபிடிக்க முடியுமா? முடியும் என்றால், அது டைரியிலேயே இருக்கட்டும்.

தகடூர்ப் போரைப் பற்றி 'தகடூர் யாத்திரை' என்று தனியாக ஒரு நூலே இருந்தது. இன்று அது முழுதாக நமக்குக் கிடைக்கவில்லை. சிதறிய சில பாடல்களே மிச்சம். எந்தப் படை எந்தப் பக்கம் நின்றது, கோட்டை எப்படி விழுந்தது என்று பாடிய நூல் அழிந்துபோனது. கொஞ்சமாகக் கிடைத்த கள்ளை அதியமான் என்ன செய்வார் என்று ஒரு பெண் நினைத்துப் பார்த்தது மட்டும், 2,000 ஆண்டுகளாகப் பத்திரமாக இருக்கிறது.

தொல்காப்பியத்துக்குப் பல நூற்றாண்டுகள் கழித்து எழுதப்பட்ட நன்னூல், 'மன்' என்ற அதே சொல்லுக்கு ஆறு பொருள் சொல்கிறது. அதில் ஒன்று கழிவு, அதாவது இல்லாமல் போவது. இன்னொன்று நிலைபேறு, அதாவது என்றைக்கும் இருப்பது. இரண்டும் ஒரே சொல்லுக்குள் இருக்க முடியுமா என்று கேட்டால், யாரையாவது இழந்தவர்களைக் கேட்டுப் பாருங்கள். முடியும் என்பார்கள்.